சின்னப் பறவைக்குக் கீரையும் பழமும்

உள்ளங்கையில் அடங்கும் உயிர்

ஒரு சிறிய எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதன் எடை சுமார் 30 கிராம் இருக்கும். 'லவ் பேர்ட்ஸ்' என்று எல்லோரும் சொல்லும் சின்னப் பறவையின் எடையும் ஏறக்குறைய அவ்வளவுதான். 30 கிராம் முதல் 40 கிராம் வரை இருக்கும். கையில் வைத்தால் கனமே தெரியாது. ஆனால் அதற்குள்ளும் ஓர் இதயம் துடிக்கிறது. ஈரல் இருக்கிறது, எலும்பு இருக்கிறது. அதற்கும் பசி உண்டு. அதற்கும் நோய் வரும்.

திருவனந்தபுரம் நகரில் கரமனை, சாலை, மணக்காடு போன்ற இடங்களில் தமிழ்க் குடும்பங்கள் பல உள்ளன. அங்கே சில வீட்டுத் திண்ணைகளில் கம்பிக் கூண்டு தொங்கும். உள்ளே பச்சை, நீலம், மஞ்சள் நிறங்களில் லவ் பேர்ட்ஸ் கீச்சிடும். சில வீடுகளில் 'ஃபின்ச்' என்னும் குட்டிப் பறவை இருக்கும். அது லவ் பேர்ட்ஸை விடவும் சிறியது. சிலர் ஆசைக்கு வளர்க்கிறார்கள். சிலர் குஞ்சு பொரிக்க வைத்து விற்கிறார்கள். வீட்டுச் செலவுக்கு அந்தப் பணம் உதவுகிறது.

லவ் பேர்ட்ஸ் என்று நாம் சொல்லும் பறவையின் உண்மைப் பெயர் பட்ஜரிகர். அதன் சொந்த நாடு ஆஸ்திரேலியா. அங்கே மழை குறைந்த புல்வெளிகளில் கூட்டம் கூட்டமாகப் பறந்து திரியும். 1840ஆம் ஆண்டில் ஜான் கூல்டு என்ற பறவை அறிஞர் இதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அதன் பிறகு உலகம் முழுவதும் மக்கள் இதைக் கூண்டில் வளர்க்கத் தொடங்கினார்கள். இன்று நம் வீட்டில் இருப்பவை கூண்டிலேயே பிறந்து வளர்ந்தவை.

ஒன்றை இங்கே தெரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டுப் பச்சைக்கிளி, மைனா, சில்லை போன்ற காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் அடைப்பதும் குற்றம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தடுக்கிறது. எனவே இங்கே சொல்வதெல்லாம் லவ் பேர்ட்ஸ், ஃபின்ச் போன்ற வெளிநாட்டு வளர்ப்புப் பறவைகளைப் பற்றித்தான்.

தினை மட்டும் போதுமா?

இப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அந்த வீட்டுப் பெண் தையல் வேலை செய்கிறார். கூடவே 6 ஜோடி லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறார். நல்ல தினையாகப் பார்த்து வாங்கிப் போடுகிறார். தண்ணீரும் வைக்கிறார். ஒருநாள் காலையில் ஒரு பெண் பறவை கூண்டின் தரையில் உட்கார்ந்திருக்கிறது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு கண்ணை மூடி இருக்கிறது. முட்டை வெளியே வராமல் அடைத்துக்கொண்டது. பறவையைத் துணியில் பொதிந்து கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோகிறார்.

"என்ன தீனி கொடுக்கிறீர்கள் அம்மா?" என்று மருத்துவர் கேட்கிறார்.

"தினைதான் டாக்டர். கல், மண் இல்லாத நல்ல தினை. ஒருநாளும் குறை வைத்ததில்லை."

"வேறு என்ன?"

"வேறு எதற்கு டாக்டர்? அது குருவிதானே!"

"நமக்குத் தினமும் வெறும் சோறு மட்டும் போட்டால் எப்படி இருக்கும் அம்மா? வயிறு நிறையும். உடம்பு தேறுமா? கீரை எங்கே, காய் எங்கே?"

இந்தக் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. வயிறு நிறைவது வேறு. உடம்புக்கு வேண்டியது கிடைப்பது வேறு. ஆஸ்திரேலியாவின் புல்வெளியில் இருக்கும் பறவை பல வகைப் புல் விதைகளைத் தின்னும். காய்ந்த விதையும் தின்னும். பால் பிடித்த பச்சை விதையும் தின்னும். அங்கே அது நாளெல்லாம் பல மைல் பறக்கும். கூண்டுப் பறவைக்கு அந்த வசதி இல்லை. நாம் எதைப் போடுகிறோமோ அதுதான் அதன் உலகம்.

தினையில் மாவுச்சத்து இருக்கிறது. அது பறவைக்குத் தேவை. ஆனால் சில சத்துகள் அதில் மிகக் குறைவு.

முதலாவது, வைட்டமின் 'ஏ'. இது குறைந்தால் பறவையின் வாய், மூக்கு, தொண்டை ஆகியவற்றின் உள்தோல் கெட்டுப்போகும். வாய்க்குள் வெள்ளைத் திட்டுகள் தோன்றும். அடிக்கடி தும்மும். மூக்கில் நீர் வடியும். இறகு மங்கும். சின்னக் கிருமி வந்தாலும் எதிர்க்க முடியாது.

இரண்டாவது, சுண்ணாம்புச் சத்து. முட்டை ஓடு இந்தச் சத்தால் ஆனது. ஓட்டுக்கு வேண்டியது உணவில் கிடைக்காவிட்டால் தாய்ப்பறவை தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். எலும்பு பலவீனமாகும். முட்டையைத் தள்ளவும் தசைக்கு வலு இராது. மேலே சொன்ன பறவைக்கு நேர்ந்தது இப்படியும் இருக்கலாம்.

மூன்றாவது, அயோடின். இது குறைந்தால் லவ் பேர்ட்ஸுக்குக் கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பி வீங்கும். மூச்சுவிடும்போது கீச்சுச் சத்தம் வரும். தின்றதைக் கக்கும்.

இந்தக் குறைகள் ஒரே நாளில் வருவதில்லை. மாதக் கணக்கில் மெல்ல வருகின்றன. அதனால்தான் நமக்குத் தெரிவதில்லை. "நேற்றுவரை நன்றாக இருந்தது, இன்று செத்துவிட்டது" என்று பலர் சொல்கிறார்கள். அப்படிச் செத்த பறவைகளில் பல, நேற்றும் நன்றாக இருந்தவை அல்ல.

கோழி சொல்லிக்கொடுத்த பாடம்

வயிறு நிறைந்தாலும் நோய் வரும் என்பதை உலகத்துக்குக் காட்டியவையே பறவைகள்தான். அது சுவையான கதை.

இப்போது இந்தோனேசியா என்று சொல்லும் நாட்டில் ஜாவாத் தீவு இருக்கிறது. 1880களில் அங்கே டச்சுக்காரர்கள் ஆட்சி நடந்தது. 'பெரிபெரி' என்ற நோயால் அங்கே ஏராளமானவர்கள் செத்தார்கள். கால் மரத்துப்போகும். நடக்க முடியாது. கடைசியில் இதயம் நின்றுபோகும். காரணம் யாருக்கும் தெரியவில்லை. கிறிஸ்டியான் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர் அதை ஆராய வந்தார். ஏதோ ஒரு கிருமிதான் காரணம் என்று முதலில் நினைத்தார்.

அவருடைய ஆய்வுக்கூடத்தில் கோழிகள் இருந்தன. ஒருமுறை அந்தக் கோழிகளுக்கும் கால் தளர்ந்தது. விழுந்து விழுந்து எழுந்தன. சில மாதங்கள் கழித்து அவை தாமாகவே குணமாயின. எய்க்மன் விசாரித்தார். நோய் வந்த காலத்தில் கோழிகளுக்கு மருத்துவமனைச் சமையலறையின் தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு கிடைத்து வந்தது. பிறகு சமையல்காரர் மாறினார். புதியவர் அந்தச் சோற்றைக் கோழிக்குத் தர மறுத்தார். ஆகவே தவிடு நீக்காத அரிசி போட்டார்கள். கோழிகள் பிழைத்துக்கொண்டன.

தவிட்டில் ஏதோ ஒரு சத்து இருக்கிறது என்பது இதிலிருந்து மெல்லத் தெரிய வந்தது. 1912இல் காசிமிர் ஃபங்க் என்ற அறிஞர் அப்படிப்பட்ட சத்துகளுக்கு 'வைட்டமின்' என்ற பெயரைக் கொடுத்தார். 1929இல் எய்க்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கோழிகள் பட்டினி கிடக்கவில்லை. வயிறு நிறையத் தின்றன. இருந்தும் நோய் வந்தது. நம் வீட்டுக் கூண்டுக்கும் இதே பாடம்தான்.

எதைக் கொடுக்கலாம்?

கடையில் விலை உயர்ந்த தீனி வாங்க வேண்டும் என்பதில்லை. சமையலுக்கு வாங்கும் காயிலேயே பறவைக்கும் பங்கு இருக்கிறது.

முருங்கைக்கீரை: இதுதான் முதல் கீரை. வைட்டமின் 'ஏ'யாக மாறும் சத்து இதில் நிறைய இருக்கிறது. சுண்ணாம்புச் சத்தும் உண்டு. திருவனந்தபுரத்தில் பல வீட்டு முற்றத்தில் முருங்கை நிற்கிறது. "எடுத்துக்கோ மக்களே, மரத்தில் கிடந்து உதிரத்தானே போகிறது" என்று பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு கொப்பை ஒடித்துத் தருவார். காசு செலவில்லை.

சிவப்புத் தண்டுக்கீரை: மலையாளத்தில் இதைச் 'சுவன்ன சீரை' என்பார்கள். கேரள வேளாண் பல்கலைக்கழகம் 'அருண்' என்ற நல்ல ரகத்தை வெளியிட்டிருக்கிறது. தொட்டியிலும் வளரும். ஆனால் இந்தக் கீரையைத் தினமும் கொடுக்க வேண்டாம். இதில் உள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வாரத்தில் ஒருநாள், இரண்டு நாள் போதும். பாலக் கீரைக்கும் இதே விதிதான்.

கொத்தமல்லித் தழை: பல பறவைகள் விரும்பித் தின்னும்.

கேரட், மத்தன்: மத்தன் என்பது பரங்கிக்காய். காய்கறி உள்ளே ஆரஞ்சு நிறமாக இருந்தால் அதில் வைட்டமின் 'ஏ'க்கான சத்து இருக்கிறது என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். கேரட்டைத் துருவிக் கொடுங்கள். மத்தனைத் துருவியோ ஆவியில் வேகவைத்தோ கொடுங்கள்.

வெள்ளரிக்காய், பச்சைப் பட்டாணி, இளம் மக்காச்சோளம்: இவற்றையும் கொடுக்கலாம். வெள்ளரியில் தண்ணீர்தான் அதிகம். வெயில் காலத்துக்கு நல்லது.

முளைகட்டிய தானியம்: தினையையும் பாசிப்பயறையும் முளைகட்டிக் கொடுக்கலாம். முளை சிறிதாக எட்டிப் பார்க்கும்போதே கொடுக்க வேண்டும். நன்றாக அலசிய பிறகே கொடுக்க வேண்டும். ஃபின்ச் பறவைக்கு முளைத்த தினை மிகவும் பிடிக்கும்.

காந்தாரி மிளகாய்: இதைக் கேட்டால் சிரிப்பு வரும். மிளகாயின் காரம் நம் நாக்கைச் சுடும். பறவைக்கு அந்தக் காரம் உறைப்பதே இல்லை. பழுத்த சிவப்பு மிளகாயில் வைட்டமின் 'ஏ'க்கான சத்து உண்டு. ஒரு சின்னத் துண்டு கொடுக்கலாம். நறுக்கிய கையால் கண்ணைத் தொடாதீர்கள்.

பழங்கள்: பப்பாளி, மாம்பழம், கொய்யா, வாழைப்பழம், மாதுளை எல்லாம் கொடுக்கலாம். பப்பாளியும் மாம்பழமும் வைட்டமின் 'ஏ'க்கு நல்லவை. ஆனால் பழத்தில் சர்க்கரை உண்டு. எனவே பழம் குறைவாக, கீரை அதிகமாக இருக்க வேண்டும்.

இவற்றோடு ஒரு கணவாய் ஓடும் கூண்டில் இருக்கட்டும். விழிஞ்ஞம் கடற்கரையில் கணவாய் மீன் வாங்குகிறவர்களுக்கு அதன் முதுகில் உள்ள வெள்ளை ஓடு தெரியும். அது முழுக்கச் சுண்ணாம்புச் சத்து. சில நாட்கள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பைப் போக்குங்கள். பிறகு கொதிக்கவைத்து வெயிலில் காயவைத்துக் கூண்டில் கட்டுங்கள். பறவை தனக்கு வேண்டியபோது கொத்திக்கொள்ளும்.

எவ்வளவு கொடுக்க வேண்டும்?

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு மனிதரின் எடை 60 கிலோ. அதாவது 60,000 கிராம். பறவையின் எடை 30 கிராம். 60,000ஐ 30ஆல் வகுத்தால் 2,000 வரும். மனிதர் அந்தப் பறவையைப் போல 2,000 மடங்கு கனம்.

விரல் நுனி அளவு கேரட் துண்டின் எடை 5 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நமக்கு அது ஒரு கடி. பறவைக்கோ அது தன் எடையில் ஆறில் ஒரு பங்கு. நம் அளவுக்குச் சொன்னால் 10 கிலோ கேரட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தது போல. எனவே "இவ்வளவு கொஞ்சமா?" என்று நினைக்க வேண்டாம். கொஞ்சம்தான் சரி.

ஒரு லவ் பேர்ட்ஸ் பறவைக்கு ஒரு நாளைக்கு இப்படிக் கொடுக்கலாம்:

தினை முதலிய தானியம்: ஒன்றரை முதல் 2 தேக்கரண்டி.

பொடியாக நறுக்கிய கீரை அல்லது காய்: 1 தேக்கரண்டி.

பழம்: ஒரு பட்டாணி அளவு. வாரத்தில் 2 அல்லது 3 நாள் மட்டும்.

ஃபின்ச் பறவைக்கு இதில் பாதி அளவு போதும். ஒரே கீரையைத் தினமும் கொடுக்காமல் மாற்றி மாற்றிக் கொடுங்கள். இன்று முருங்கை, நாளை கேரட், மறுநாள் கொத்தமல்லி.

புதிதாகக் கீரை தின்னும் பறவையின் எச்சம் கொஞ்சம் தண்ணீராக இருக்கும். காயிலும் கீரையிலும் உள்ள தண்ணீர்தான் காரணம். சிவப்புக் கீரை தின்றால் எச்சமும் சிவக்கும். பயப்பட வேண்டாம். பறவை சுறுசுறுப்பாக இருந்தால் அது நோயில்லை. பறவை சோர்ந்து, இறகு சிலிர்த்து, எச்சம் ஆசனவாயில் ஒட்டிக்கொண்டிருந்தால்தான் அது வயிற்றுப்போக்கு.

தின்ன மறுத்தால் என்ன செய்வது?

"நான் கீரை வைத்தேன். அது தொடவே இல்லை. அதற்குப் பிடிக்காது போலிருக்கிறது" என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். பறவைக்கு அது பிடிக்காமல் இல்லை. அது உணவு என்றே அதற்குத் தெரியாது. குஞ்சுப் பருவத்திலிருந்து தினையை மட்டுமே பார்த்த பறவைக்குக் கீரை ஏதோ ஒரு பச்சைப் பொருள். அவ்வளவுதான். புது மனிதரைப் பார்த்துக் குழந்தை ஒதுங்குவது போல அதுவும் ஒதுங்கும். பொறுமையாகப் பழக்க வேண்டும்.

காலையில் பறவைக்குப் பசி அதிகம். முதலில் கீரையை வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தினையை வையுங்கள்.

கீரையை ஈரத்தோடு கொத்தாகக் கூண்டுக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். லவ் பேர்ட்ஸ் ஈர இலையில் உடம்பைத் தேய்த்துக் குளிக்கும். குளிக்கும்போது கொத்தும். கொத்தும்போது சுவை தெரியும்.

கேரட்டை மிகப் பொடியாகத் துருவித் தினையின் மேல் தூவிப் பாருங்கள்.

கீரை தின்னத் தெரிந்த பறவை இருந்தால் அதைப் பக்கத்துக் கூண்டில் வையுங்கள். ஒன்றைப் பார்த்து மற்றது தின்னும்.

சில பறவைகள் இரண்டு வாரத்தில் பழகும். சிலவற்றுக்கு இரண்டு மூன்று மாதமாகும். அதுவரை தினமும் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரு தவறு மட்டும் செய்யக் கூடாது. "பசித்தால் தானாகத் தின்னும்" என்று தினையை அடியோடு நிறுத்தக் கூடாது. இத்தனை சிறிய உடம்பில் சேமிப்பு கிடையாது. பட்டினியில் ஓரிரு நாளிலேயே பறவை செத்துவிடும்.

கழுவிக் கொடுங்கள்

திருவனந்தபுரத்துச் சந்தைகளுக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் காய்கறி வருகிறது. உள்ளூரிலும் விளைகிறது. எங்கிருந்து வந்தாலும் பூச்சிமருந்து ஒட்டியிருக்கலாம். வெள்ளாயணி வேளாண் கல்லூரியின் ஆய்வகம் சந்தைக் காய்கறிகளில் பூச்சிமருந்து எச்சம் இருக்கிறதா என்று சோதித்து முடிவுகளை வெளியிட்டிருக்கிறது. நமக்குக் கேடு செய்யாத சிறு அளவு விஷம்கூட 30 கிராம் பறவைக்குப் பெரிதாகலாம்.

எனவே கீரையையும் காயையும் புளி கரைத்த தண்ணீரிலோ, வினிகர் கலந்த தண்ணீரிலோ சிறிது நேரம் ஊறவையுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். கேரட், மாம்பழம் போன்றவற்றின் தோலைச் சீவிவிடுங்கள். இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஒரு தொட்டியில் நாமே கீரை விதைப்பது. பறவைக்கு ஒரு பிடி கிடைக்கும். வீட்டுக்கும் ஒரு கறி கிடைக்கும்.

காக்கை, புறா போன்ற வெளிப் பறவைகளின் எச்சமும் இலையில் விழுந்திருக்கலாம். அதிலிருந்து கூண்டுப் பறவைக்கு நோய் வரும். 2023 ஜனவரியில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் அழூர் ஊராட்சியில் பறவைக் காய்ச்சல் வந்தது. அந்தப் பகுதியில் வளர்ப்புப் பறவைகளை அழிக்க வேண்டியதாயிற்று. ஆகவே கழுவாமல் எதையும் கூண்டில் வைக்காதீர்கள். கூண்டைத் தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கையைக் கழுவுங்கள்.

மழைக்காலத்தில் கூடுதல் கவனம்

கேரளத்தில் ஜூன் தொடக்கத்தில் மழை தொடங்குகிறது. அக்டோபர், நவம்பரில் மீண்டும் பெய்கிறது. காற்றில் எப்போதும் ஈரம். நறுக்கிய பழம் சீக்கிரம் புளித்துப்போகும். பூஞ்சை பிடிக்கும். எனவே கீரையோ பழமோ வைத்த 2 மணி நேரத்தில் மீதியை எடுத்துவிட வேண்டும். "மாலைவரை கிடக்கட்டும், தின்னும்" என்று விடக் கூடாது. கிண்ணத்தையும் கழுவிக் காயவைக்க வேண்டும்.

தானியத்திலும் பூஞ்சை பிடிக்கும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் செத்தன. காரணம் தேடியபோது, அவற்றுக்குப் போட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை இருந்தது தெரிந்தது. அந்தப் பூஞ்சை உண்டாக்கிய விஷத்துக்கு 'அஃப்ளடாக்சின்' என்று பெயர் வைத்தார்கள். அது ஈரலைக் கெடுக்கும். ஆகவே முக்கல் வாடை அடிக்கும் தினை, கறுத்த நிலக்கடலை எதையும் பறவைக்குப் போடாதீர்கள். தினையை மூடியுள்ள உலர்ந்த டப்பாவில் வையுங்கள்.

கொடுக்கவே கூடாதவை

வெண்ணெய்ப்பழம்: இதைப் பட்டர் ஃப்ரூட், அவகேடோ என்றும் சொல்வார்கள். வயநாட்டில் விளைந்து சந்தைக்கு வருகிறது. நமக்கு நல்ல பழம். பறவைக்கு விஷம். அதன் இதயத்தைத் தாக்கும். சிறு துண்டும் கொடுக்கக் கூடாது.

பச்சை மரச்சீனிக் கிழங்கும் இலையும்: மரவள்ளி என்றும் கப்பை என்றும் சொல்வது இதைத்தான். இந்தக் கிழங்கை ஆராய்வதற்கென்றே 1963 முதல் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் இருக்கிறது. பச்சைக் கிழங்கில் சயனைடு விஷத்தை உண்டாக்கும் பொருள் உண்டு. அதனால்தான் நாமும் வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுச் சாப்பிடுகிறோம்.

ஆப்பிள் விதை: இதிலும் அதே விஷப் பொருள் உண்டு. பழத்தைக் கொடுக்கலாம். விதையை நீக்கிவிட வேண்டும்.

வெங்காயம், பூண்டு, பச்சை உருளைக்கிழங்கு, தக்காளிச் செடியின் இலை, வேகாத மொச்சை, ராஜ்மா: இவை வேண்டாம்.

சாக்லேட், தேநீர், காப்பி, மது, ஊறுகாய், அப்பளம், மிக்சர்: இவையும் கூடாது. உப்பும் காப்பியும் சின்னச் சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் பெரிய சுமை. பாலும் பறவைக்குச் செரிக்காது.

அரளிக் குச்சி: உட்காரக் குச்சி வைக்கும்போது அரளியை வைக்காதீர்கள். அது கொடிய விஷம். கொய்யாக் குச்சி நல்லது.

வீட்டுக் குழந்தைகளுக்கும் இதைச் சொல்லிவைக்க வேண்டும். அன்பினால் தாங்கள் தின்பதை எல்லாம் கூண்டுக்குள் நீட்டுவது குழந்தைகள்தான்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

சின்னப் பறவை தன் நோயை மறைக்கும். காட்டில் சோர்ந்த பறவையைத்தான் பருந்து முதலில் தூக்கும். அதனால் முடிந்தவரை நன்றாக இருப்பது போலவே காட்டிக்கொள்ளும். நமக்குத் தெரியும் நேரத்தில் நோய் முற்றியிருக்கும்.

இறகைச் சிலிர்த்துக்கொண்டு பகலிலும் தூங்குவது, கூண்டின் தரையில் உட்கார்வது, மூச்சுவிடும்போது வால் மேலும் கீழும் ஆடுவது, தின்றதைக் கக்குவது, நெஞ்சு எலும்பு கத்திபோல் துருத்துவது, இவை எல்லாம் ஆபத்தின் அடையாளம். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. பக்கத்தில் உள்ள கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். திருவனந்தபுரத்தில் குடப்பனக்குன்னில் பெரிய அரசுக் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. பல பறவைகள் ஒரே நேரத்தில் செத்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். உடனே கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள்.

நோய் வந்த பிறகு கீரை மட்டும் கொடுத்துக் குணமாக்க முடியாது. கீரை மருந்தல்ல. நோய் வராமல் காக்கும் வேலி.

கூண்டுக்கும் குழந்தைக்கும்

வைட்டமின் 'ஏ' குறைந்தால் பறவைக்கு மட்டும்தானா கேடு? குழந்தைக்கு மாலைக்கண் வரும். கவனிக்காவிட்டால் கண்ணே போகும். இதைத் தடுக்கவே 1970 முதல் நம் நாட்டில் குழந்தைகளுக்கு வைட்டமின் 'ஏ' சொட்டுமருந்து கொடுக்கும் திட்டம் தொடங்கியது. அந்தச் சத்து முருங்கையிலும் கேரட்டிலும் மத்தனிலும் பப்பாளியிலும் இருக்கிறது. எனவே பறவைக்கு ஒரு தேக்கரண்டி நறுக்கும்போது, வீட்டில் எல்லோருக்கும் சேர்த்தே நறுக்குங்கள். ஒரே கீரைக்கட்டு. கூண்டுக்குள் ஒரு தண்டு. சட்டிக்குள் மீதி.

நினைவில் வைக்க

1. தினை மட்டும் போதாது. தினமும் கீரை அல்லது காய் வேண்டும்.

2. கீரை, காய் 1 தேக்கரண்டி. பழம் பட்டாணி அளவு.

3. ஊறவைத்து, கழுவி, பொடியாக நறுக்கிக் கொடுக்க வேண்டும்.

4. 2 மணி நேரத்தில் மீதியை எடுத்துவிட வேண்டும்.

5. வெண்ணெய்ப்பழம், பச்சை மரச்சீனி, ஆப்பிள் விதை, சாக்லேட் ஆகியவை விஷம்.

6. தினையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது.

சேர்ந்து பேசுவோம்

1. ஜாவாவில் கோழிகள் வயிறு நிறையத் தின்றன. பிறகு ஏன் கால் தளர்ந்தது?

2. ஒரு பறவையின் எடை 40 கிராம். உங்கள் எடை அதைப் போல எத்தனை மடங்கு? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

3. உங்கள் வீட்டைச் சுற்றிக் காசில்லாமல் கிடைக்கும் கீரைகள் எவை? எழுதுங்கள்.

4. இந்த வாரம் உங்கள் வீட்டில் எத்தனை நாள் கீரை சமைத்தீர்கள்?